காயலை மூடிய பாயலும் ஒரு குட்டி வண்டும்

கொச்சியில் மட்டாஞ்சேரி என்றதும் மிளகும் சுக்கும் மணக்கும் கிட்டங்கித் தெருக்களையும், 1568-ல் கட்டிய யூதர் ஆலயத்தையும், சுவரெல்லாம் ராமாயண ஓவியம் தீட்டிய பழைய அரண்மனையையும் சொல்வார்கள். நாம் இன்று அவற்றைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போவோம், பிள்ளைகளே. மழை வலுத்துவிட்ட நாட்களில் அங்கே நின்றால், சில சமயம் காயலில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. கரையிலிருந்து கண் எட்டிய தூரம்வரை பச்சை. அதன்மேல் கொக்கு நடந்து போகும். படகுக்காரர்கள் ‘போள வந்துவிட்டது’ என்பார்கள்.

பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் என்று ஆறு ஆறுகளின் நீர் இந்தக் காயல்களில் வந்து சேர்கிறது. அது கடலுக்குள் போகும் பெரிய வாய், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் உள்நாட்டுக் கால்வாய்களிலும் வயலோரங்களிலும் மாதக்கணக்கில் வளர்ந்த செடியெல்லாம் மழை வெள்ளத்தோடு இந்த வாயை நோக்கித் திரண்டு வருகிறது. படகின் புரொபெல்லரில் சுற்றிக்கொள்கிறது. படகு நின்றுபோனால் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் தவிக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பாரமாகத் தொங்கவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தூக்கும் பெரிய வலை அது. இந்த நாட்களில் அதைத் தூக்கினால் மீனுக்குப் பதில் கூடை கூடையாகச் செடி வரும். பாரம் தாங்காமல் வலை கிழியும். அன்றைய வருமானமும் போய், வலை தைக்கும் செலவும் சேரும்.

இப்படி வருவதில் முக்கியமானது, தமிழ்நாட்டில் நாம் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்லும் செடி. ஊதாப் பூப் பூக்கும். காம்பு காற்றடைத்து உப்பியிருக்கும். மலையாளத்தில் இதற்குக் குளவாழை என்றும் பெயர். இன்னொன்று ஆப்பிரிக்கன் பாயல். இதன் அறிவியல் பெயர் சால்வினியா மொலெஸ்டா. இந்த இரண்டாவது செடியின் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு காலத்தில் குளவாழையைவிட இதுவே கேரளத்தை அதிகம் ஆட்டிவைத்தது. இன்று அது ஒடுங்கிக் கிடக்கிறது. எப்படி ஒடுங்கியது என்பதில் நல்ல அறிவியல் இருக்கிறது.

முதலில், இது எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ளக் கொச்சியிலேயே ஒரு சாட்சி உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியை டச்சுக்காரர்கள் ஆண்டபோது, வான் ரீட் என்ற ஆளுநர் மலபாரின் செடிகொடிகளை எல்லாம் படம் வரைந்து ஒரு நூலாக்க முனைந்தார். ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் உண்டு. சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னார்கள். தண்ணீரில் மிதக்கும் கொட்டப்பாயல்கூட அதில் படத்தோடு இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்கன் பாயலும் குளவாழையும் இல்லை. அத்தனை வைத்தியர்கள் சேர்ந்து பார்த்தும் இவை அகப்படவில்லை. காரணம், அன்றைக்கு இவை இந்த நாட்டிலேயே இல்லை.

இரண்டுக்குமே தாய்நாடு தென் அமெரிக்கா. குளவாழையை அதன் பூவழகுக்காக மனிதர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. சில பத்தாண்டுகளுக்குள் ஆறும் வயலும் அடைபட்டு, 1936-ல் அதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்கன் பாயல், பெயர் எப்படி இருந்தாலும், தென்கிழக்குப் பிரேசிலில் பிறந்த செடி. 1939-ல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தப்பி இலங்கையின் குளங்களிலும் வயல்களிலும் பரவியது. 1950-களில் திருவனந்தபுரத்தின் வேளிக் காயலில் தென்பட்டது. 1960-களின் நடுவில், கொச்சிக்குத் தெற்கே உள்ள குட்டநாட்டு நெல் விவசாயிகள் அதன்முன் கையைப் பிசைந்து நின்றார்கள். விதைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வயலிலிருந்தும் பாயலை வாரிக் கரையில் போட்டாக வேண்டும். அதற்கே கூலி கொடுத்து மாளாது.

இந்தச் செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது செய்யும் வேலை புரியும். இது பூக்கிற செடி அல்ல, பெரணி வகை. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்கும். மூன்றாவது தண்ணீருக்குள் தொங்கும். நார் நாராகப் பிரிந்து வேர்போலவே இருக்கும். உண்மையில் இதற்கு வேரே கிடையாது. மிதக்கும் இலையின்மேல் வரிசையாக மயிர்கள் நிற்கும். ஒவ்வொரு மயிரும் நாலாகப் பிரிந்து நுனியில் மறுபடி ஒன்று சேரும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அம்மா மோர் கடையும் மத்தின் தலைபோல இருக்கும். இந்த மயிர்களுக்கு நடுவில் காற்று தங்கிவிடுவதால் இலையைத் தண்ணீருக்குள் அழுத்தினாலும் நனையாது. 2010-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லோட்டும் அவருடன் இருந்தவர்களும் ஒரு விந்தையைக் கண்டார்கள். மயிர் முழுவதும் தண்ணீரை விலக்குகிறது. நுனி மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்றுப்படலம் கலையாமல் நிற்கிறது. கப்பலின் அடிப்பக்கத்தில் இதேபோன்ற பூச்சு போட்டால் எரிபொருள் மிச்சமாகுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். ஊருக்குத் தொல்லையான செடிதான். ஆனாலும் அதன் அமைப்பைப் பார்த்தால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இது விதையால் பரவுவதில்லை. இதன் வித்துகள் எல்லாமே மலட்டு வித்துகள். தண்டு எங்கே ஒடிந்தாலும் ஒடிந்த துண்டு புதுச் செடியாகும். அவ்வளவுதான் இதன் வழி. படகு மோதி ஒடிந்தாலும் மாடு மிதித்து ஒடிந்தாலும் எண்ணிக்கை கூடும். கேரளத்தில் இருப்பதும் இலங்கையில் இருப்பதும் ஆப்பிரிக்காவில் இருப்பதும் இப்படி ஒடிந்து ஒடிந்து பெருகியவையே.

இப்போது பென்சிலை எடுங்கள். உரச்சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் இது சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். நாம் தாராளமாகப் பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒரு சதுர மீட்டர். பத்தாம் நாள் 2, இருபதாம் நாள் 4, முப்பதாம் நாள் 8. நூறாம் நாள் 1,024 சதுர மீட்டர். அதுவரை யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். 150-ஆம் நாள் சுமார் எட்டு ஏக்கர். 200-ஆம் நாள் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் சதுர மீட்டர், அதாவது 259 ஏக்கர்! முதல் 150 நாளில் எட்டு ஏக்கர் பிடித்த செடி, அடுத்த 50 நாளில் மீதி 251 ஏக்கரையும் பிடித்துவிட்டது. ஊர் விழித்துக்கொள்ளும்போது ஏன் எப்போதும் நேரம் கடந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. ஆப்பிரிக்காவின் கரீபா அணையில் இது நடந்தது. 1959-ல் அங்கே இந்தச் செடி முதலில் தென்பட்டது. 1962-ல் சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிட்டது.

மூடினால் என்ன கெடுதல்? வெளிச்சம் கீழே போகாது. அடியில் இருக்கும் பாசிக்கு உணவு தயாரிக்க வழியில்லை. அழுகும் செடி தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்கிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. இன்னொரு கெடுதல் கேரளத்துக்கு நன்றாகத் தெரிந்தது. மான்சோனியா என்று ஒரு கொசு உண்டு. பெரும்பாலான கொசுப் புழுக்கள் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வரும்; மான்சோனியாவின் புழுவுக்கு அந்த வேலை இல்லை. மிதக்கும் செடிகளின் வேரில் தன் மூச்சுக்குழாயைக் குத்திச் செருகி, அங்கிருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளும். கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்தக் கொசுதான். புதுச்சேரியில் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையம் 1986-ல் அங்கே திட்டம் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதோடு குளத்துச் செடிகளை அகற்றுவதையும் ஊர் மக்களின் வேலையாக்கியது.

இனி முக்கியமான கேள்வி. இவ்வளவு வேகமாகப் பெருகும் செடி பிரேசிலையே மூடியிருக்க வேண்டாமா? மூடவில்லை. அங்கே அது எங்கோ ஒரு குட்டையில், ஒரு ஓடையின் ஓரத்தில், அடக்கமாக இருக்கும் சாதாரணச் செடி. எவ்வளவு சாதாரணம் என்றால், அதன் சொந்த ஊர் எது என்று அறிவியலாளர்கள் கண்டுபிடிக்கவே 1978 ஆயிற்று. அதுவரை வேறொரு சால்வினியாவோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். இது தனி இனம் என்று சொல்லிப் பெயர் வைத்ததே 1972-ல்தான்.

அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. பாயலைத் தின்னும் பூச்சியைத் தேடிப் போனவர்கள் டிரினிடாட் தீவில் அதன் உறவுக்காரச் செடியைத் தின்னும் ஒரு வண்டைப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். பலன் இல்லை. அதே தீவிலிருந்து ஒரு வெட்டுக்கிளி 1974-ல் கேரளத்துக்கும் வந்தது. வேளிக் காயலில் உயிரோடு இருந்தது, ஆனால் பாயலை வெல்ல அதனால் முடியவில்லை. செடி ஒன்றாகவும் பிடித்து வந்த பூச்சி இன்னொரு செடியின் விரோதியாகவும் இருந்தால் வேலை எப்படி நடக்கும்?

1978-ல் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சியாளர்கள் தென்கிழக்குப் பிரேசிலில் உண்மையான ஆப்பிரிக்கன் பாயலைக் கண்டார்கள். அதன்மேல் கறுப்பாக ஒரு வண்டு. நீளம் இரண்டு மில்லிமீட்டர்தான். வளர்ந்த வண்டு இலை மொட்டைத் தின்கிறது. அதன் புழு தண்டுக்குள் துளைத்துப் போய் உள்ளிருந்தே தின்கிறது. மொட்டுப் போனால் செடி வளராது. தண்டு போனால் மிதக்காது. முதலில் இதை டிரினிடாட் வண்டு என்றே நினைத்தார்கள். பிறகுதான் இதுவும் தனி இனம் என்று தெரிந்து, 1985-ல் சிர்ட்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் வைத்தார்கள்.

1980-ல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் இதைச் சோதித்தார்கள். ஓராண்டைச் சற்றுத் தாண்டிய காலத்தில் ஏரியை மூடியிருந்த பாயல் பழுப்பாகி மூழ்கியது. அடுத்து பப்புவா நியூ கினியில் செப்பிக் ஆறு. அங்கே சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு அடைபட்டு, தோணியைத் தவிர வேறு வழி இல்லாத மக்கள் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் போக முடியாமல் ஊரைவிட்டே கிளம்பியிருந்தார்கள். அங்கே வண்டு முதலில் பெருகவில்லை. ஏன் என்று பார்த்தபோது செடியில் நைட்ரஜன் சத்து குறைவு. சத்தில்லாத செடியைத் தின்றால் வண்டுக்கும் வலு இல்லை. ஆகவே கொஞ்சம் இடத்தில் பாயலுக்கு யூரியா போட்டார்கள்! அழிக்க வேண்டிய செடிக்கே உரம். செடி செழித்தது, வண்டு அதைவிட வேகமாகப் பெருகியது. சில ஆண்டுகளில் ஆறு திறந்தது. இந்த வேலைக்காக அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு 1985-ல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு கிடைத்தது.

இந்தியாவுக்கு வண்டு வந்தது பெங்களூர் வழியாக. சோதனைகள் முடிந்து 1983-ல் அங்கே ஓர் அல்லிக் குளத்தில் விட்டார்கள். ஓராண்டுக்குள் குளம் தெளிந்தது. பிறகு திருச்சூர் வெள்ளானிக்கரையில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வேலையைக் கையில் எடுத்தது. பேராசிரியர் பி. ஜே. ஜாயும் உடனிருந்தவர்களும் வண்டுகளை வளர்த்துப் பாயல் மண்டிய இடங்களில் விட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் குட்டநாட்டுக் கால்வாய்களில் பெரும்பாலானவை திறந்துவிட்டன. தோணி ஓடியது. வயலில் பாயல் வாரும் கூலி மிச்சமாயிற்று. விஷ மருந்து ஒரு சொட்டும் தெளிக்காமல் நடந்த இந்தக் காரியம் நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய இடம் பெற வேண்டும் என்பது என் எண்ணம். இலங்கையிலும் 1986-ல் இதே வண்டை விட்டார்கள். அங்கும் அது நல்ல பலன் தந்தது.

‘பாயல் தீர்ந்தபின் வண்டு நெல்லைத் தின்னாதா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வெளிநாட்டுப் பூச்சியை விடுவதற்கு முன்னால், மூடிய அறையில் அதன் முன்பு நெல், காய்கறி என்று பலவகைச் செடிகளை வைத்துப் பார்ப்பார்கள். இந்த வண்டு பட்டினி கிடந்து செத்ததே தவிர அவற்றைத் தின்று வாழவில்லை. அப்படிச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆஸ்திரேலியாவே உதாரணம். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935-ல் ஒரு பெரிய தேரையை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது கரும்பு வண்டை விட்டுவிட்டு எதிர்ப்பட்டதையெல்லாம் தின்று, தானே அடக்க முடியாமல் பரவிவிட்டது. இன்றுவரை தீரவில்லை.

வண்டு பாயலை அடியோடு ஒழிப்பதில்லை. பாயல் குறைந்தால் தீனி குறைந்து வண்டும் குறையும். எங்கேயாவது பாயல் மறுபடி தலை தூக்கினால் வண்டும் பெருகும். பிரேசிலில் எத்தனையோ காலமாக இருந்துவந்த நிலைதான் இது. கடல் தாண்டி வந்தபோது செடி மட்டும் வந்தது, அதைத் தின்கிற உயிர் கூட வரவில்லை. பரவலுக்கெல்லாம் காரணம் அந்த ஒரு குறைதான்.

அப்படியானால் குளவாழை ஏன் அடங்கவில்லை? அதைத் தின்னும் வண்டுகளும் 1980-களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன; மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் சாக்கடையும் வயல் உரமும் கலந்த தண்ணீரில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்கிறது. அதோடு இது பூத்து விதையும் போடும். விதை சேற்றுக்குள் பத்துப் பதினைந்து ஆண்டு தூங்கிவிட்டு முளைக்கும்.

நாம் பார்த்த இந்த வேம்பநாட்டுக் காயலுக்கு இயற்கையே கொடுத்த ஒரு காவல் உண்டு. அது உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் கால் பங்கைக்கூட இந்தச் செடி தாங்காது. மழை ஓய்ந்து கடல் நீர் உள்ளே ஏறும்போது, தை மாதத்தில் கொச்சிப் பக்கத்துப் போள கருகி அழுகிவிடும். முன்பெல்லாம் இந்த உப்பு குட்டநாடுவரை போய்க் கால்வாய்களைச் சுத்தம் செய்தது. நெல்லைக் காப்பாற்ற 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கட்டியபின், கோடையில் அதன் கதவை மூடிவிடுவதால் தெற்குப் பக்கம் உப்பு ஏறுவதில்லை. நெல் விவசாயிக்குக் கதவு மூட வேண்டும். மீனவருக்குத் திறக்க வேண்டும். இரண்டு பேருமே வயிற்றுக்காகத்தான் கேட்கிறார்கள். பயிர்க் காலத்தை ஒழுங்காக ஒரே சீராக வைத்துக்கொண்டு, கதவு மூடியிருக்கும் நாட்களைக் குறைப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாக்கடையைக் காயலில் விடுவதை நிறுத்துவது அதைவிட அவசரம்.

உங்கள் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பலர். சால்வினியாவும் குளவாழையும் தொட்டி அலங்காரத்துக்கென்று விற்கப்படும் செடிகள். வளர்ப்பது வெளியே தப்புவது எளிது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, அமேசான் ஆற்றின் அரபைமா மீன் கேரளத்து ஆற்றில் வலையில் சிக்கியது. யாரோ வளர்த்தது வெள்ளத்தில் தப்பியிருந்தது. ஆகவே தொட்டியைக் கழுவும்போது அதிலுள்ள செடியையும் தண்ணீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். செடியின் ஒரு கணுகூட விடாமல் எடுத்து, வெயிலில் சருகாகக் காயவைத்து, மண்ணில் புதையுங்கள். மீன் வேண்டாம் என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உங்கள் ஊர்க் குளத்தில் புதிதாக ஏதேனும் பச்சை மிதப்பதைப் பார்த்தால், அது ஒரு சதுர மீட்டராக இருக்கும்போதே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.